அக்காவின் கட்டி

உரும்பிராயில் மீனாம்பிகையும் அவளுடைய அக்கா சிவக்கொழுந்தும் வாழ்க்கைப்பட்டது ஒரே ஒழுங்கையில், இருபுறமும் வேலியடைத்த சிறு தெருவில். இரண்டு வீட்டாரும் புகையிலைத் தோட்டக்காரர். ஆண்கள் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைப்பார்கள். பெண்கள் எருக்கூடை சுமப்பார்கள். ஐந்து பிள்ளை பெற்ற பிறகும் சிவக்கொழுந்து தூக்கும் கூடையைத் தங்கையால் அசைக்க முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டு பங்குனியில் ஒரு பின்னேரம், கிணற்றடியில் குளித்து உடுப்பு மாற்றும்போது சிவக்கொழுந்து தங்கையைக் கிட்டக் கூப்பிட்டாள். தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே ஒரு வீக்கம். சின்னத் தேசிக்காய் அளவுதான்.

"இருமினால் வருகுது. படுத்தால் உள்ளை போயிடுது. நோகேல்லை" என்றாள்.

"பரியாரியாருக்குச் சொல்லுவமே அக்கா?"

"விசரே உனக்கு? உந்த இடத்தை ஆருக்கடி காட்டுறது? அத்தானுக்கும் வாய் திறவாதை. அம்மாளாணை, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

மீனாம்பிகை சொன்னாள். பிறகு இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

ஆவணியில் சிவக்கொழுந்து படுத்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்தார். மலக்கட்டு என்றார். பேதிக்குக் கொடுத்தார். அவரிடம் ஒருவரும் கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் வேறென்ன செய்வார்? பேதி போகவில்லை. வயிறு மத்தளம் போல ஊதியது. மூன்றாம் நாள் எடுத்த வாந்தியில் மலம் நாறியது.

அறையில் வேறு யாரும் இல்லாத ஒரு கணத்தில் அக்கா தங்கையின் கையை இழுத்துத் தன் சேலைக்கு மேலே அந்த இடத்தில் வைத்தாள். கல்லுப் போல இருந்தது.

"உள்ளை போகுதில்லையடி."

"சொல்லட்டே அக்கா?"

சிவக்கொழுந்து தலையை ஆட்டி மறுத்தாள். மீனாம்பிகை வெளியே வந்தபோது வாசலில் அக்காவின் கணவன் பஞ்சலிங்கம் நின்றான். மூன்று நாளாகச் சாப்பிடாத முகம்.

"உனக்கு ஏதும் தெரியுமோ பிள்ளை? உனக்கெண்டாலும் சொன்னவளோ?"

"தெரியாது அத்தான்."

ஐந்தாம் நாள் விடியச் சிவக்கொழுந்து செத்துப்போனாள்.

செத்த வீட்டிலேயே கதை கிளம்பியது. அவள் படுக்கையில் விழுவதற்கு முந்தின கிழமைதான் பஞ்சலிங்கத்தின் தமக்கை தங்கமுத்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைக்காகச் சிவக்கொழுந்தோடு சண்டை பிடித்து மண் அள்ளித் தூற்றியிருந்தாள். செய்வினை என்றார்கள். பஞ்சலிங்கமும் நம்பினான். தமக்கையின் வளவுக்குப் போகும் வேலிப் படலையை முள்ளுப் போட்டு அடைத்தான். மீனாம்பிகை அந்தப் பேச்சை மறுக்கவில்லை. அப்படியும் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வது அவளுக்குச் சுகமாக இருந்தது.

ஏழு வருடம் போனது. ஒரு மாசி மாதம் துலாவிலிருந்து இறங்கிய அவள் கணவன் ஏரம்பு அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். இரண்டு வருடமாக அவனுக்கு அரையில் ஒரு வீக்கம். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் துலா மிதித்தான். இம்முறை மீனாம்பிகை விடவில்லை. மாட்டுவண்டி பிடித்துப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்குத்தர் தமிழர், பொறுமைசாலி. ஏரம்புவைப் படுக்கவைத்து, வீக்கத்தை மெல்ல அமத்தி உள்ளே தள்ளினார்.

"இது குடலிறக்கம். வயித்துத் தசையிலை சில இடம் பலங்குறைவு. பாரம் தூக்க, முக்க, இரும, அந்த இடம் விரிஞ்சு குடல் வெளியிலை பிதுங்கும். துண்டு கட்டினால் ஓட்டை அடைபடாது. வெட்டித் தைக்கவேணும்."

"வெட்டாமல் விட்டால் ஐயா?" என்றான் ஏரம்பு.

"ஒண்டும் செய்யாமலும் கிடக்கலாம். ஆனால் ஒருநாள் குடல் அந்த ஓட்டையிலை இறுகிச் சிக்கினால் ரத்தம் ஓடாது, குடல் அழுகிப்போம். கட்டி கல்லாகும், குடிச்சதெல்லாம் சத்தி எடுக்கும், வயிறு ஊதும். உடனை கொண்டு வந்தால் காப்பாத்தலாம். சில பேர் பேதி குடுத்து இன்னும் கெடுத்துப்போட்டுக் கொண்டு வருவினம்."

மீனாம்பிகை முன்னுக்கு வந்தாள்.

"ஐயா, பொம்பிளையளுக்கும் வருமோ?"

"வரும். அவையளுக்குத் தொடை இடுக்குக்குக் கீழையும் வரும். சின்னனாத்தான் இருக்கும், ஆனால் அதுதான் மற்றதை விடக் கெதியிலை சிக்கிறது. ஏன், உமக்கு இருக்கோ?"

"எனக்கில்லை."

"அப்ப ஆருக்கு? வெக்கப்படாமல் கூட்டிக்கொண்டு வாரும். இஞ்சை நேர்ஸ்மார் இருக்கினம்."

"அவ இப்ப இல்லை ஐயா."

டாக்குத்தர் சீட்டில் வெட்டும் நாளை எழுதினார்.

ஏரம்புவுக்கு வெட்டித் தைத்தார்கள். மூன்று கிழமை மல்லாக்கப் படுத்திருந்தான். அவன் வீடு வந்த மறுநாள் மீனாம்பிகை பஞ்சலிங்கத்திடம் போனாள். அவன் கொட்டிலுக்குள் புகையிலை கோத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்குக் காட்டினவளோ?"

"ஓம்."

"எனக்குக் காட்டேல்லை." இன்னொரு இலையைக் கோத்தான். "சாகக் கிடக்கேக்கை உன்னைக் கேட்டனான்."

"ஓம் அத்தான்."

"தெரியாதெண்டு சொன்னனீ."

பஞ்சலிங்கம் கோபிக்கவில்லை. "போ பிள்ளை" என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்கே அவன் முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுத் தமக்கையின் வளவுக்குப் போனான். தங்கமுத்து முற்றத்தில் நின்றே கேட்டாள்.

"ஏழு வருசம் என்னைச் சூனியக்காரி எண்டனீ. இந்த ஒழுங்கையிலை ஒருத்தரும் என்ரை கையாலை ஒரு சொட்டுத் தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை. இப்ப ஏன் வந்தனீ?" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். முள்ளு பழையபடி படலைக்கு வந்தது; இம்முறை போட்டவள் தங்கமுத்து. பஞ்சலிங்கம் மீனாம்பிகையோடும் கதையை நிறுத்தினான். அந்த வருடம் அக்காவின் திவசத்துக்கு அவளுக்குச் சொல்லியனுப்பவில்லை.

அதன் பிறகு மீனாம்பிகை ஒழுங்கைப் பெண்களிடம் நேராகவே கேட்பாள்: இடுக்கில் கட்டி ஏதும் உண்டா என்று. சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். ஒரேயொருத்தி மட்டும் அவளோடு வண்டியேறினாள்.

ஏரம்பு நாலாம் மாதம் திரும்பவும் துலாவில் ஏறினான். சனிக்கிழமைகளில் அவனுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, அடிவயிற்றில் ஒரு விரல் நீளத்தில் கிடந்த தழும்பில் மட்டும் அவள் கை படாது. நோகும் என்று பயப்படுகிறாள் என அவன் நினைத்தான்.

"இப்ப நோகேல்லை, நல்லாத் தேய்" என்பான்.

அவள் முதுகுப் பக்கம் போய்விடுவாள்.