இரண்டு அறைகளைப் பூட்டிய பொன்னி

பொன்னியின் கைகள் இந்திராணி அம்மாளின் குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தன. வாய் மட்டும் கல்லீரல், கணையம், மண்ணீரல் என்று ஓடியது. படுக்கையில் கிடப்பவர்களுக்குக் குதிகால்தான் சீக்கிரம் சிவந்து புண்ணாகும். பாடம் எங்கே ஓடினாலும் கண் அங்கேயே இருந்தது.

“என் காலைப் பிடிச்சுக்கிட்டு ஈரலைப் பத்திப் பேசறே. நாளைக்கு ஈரலுக்குப் பதிலா என் காலை வரைஞ்சு வச்சிடாதே!”

“வரைஞ்சா அச்சு அசலா வரைவேம்மா. தினம் பாக்கிற காலாச்சே!”

மறுநாள் காலை திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு. மற்றவற்றை எழுதியாகிவிட்டது. இதிலும் தேறினால் மருத்துவமனை உதவியாளர் பயிற்சியில் சேரலாம். பத்து முடிக்காதவர்களை அங்கே வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். இரண்டு நாளாகப் பொன்னிக்குச் சோறு இறங்கவில்லை. பயம் இல்லை, ஊருக்கு ரயில் ஏறப்போகிறவளின் பரபரப்பு. அதே வேகத்தில் டெல்லி மயூர் விஹாரில் இருந்த அந்த வீடு முழுவதையும் பெருக்கித் துடைத்தாள், இந்திராணி அம்மாளின் மகன் கௌதமனின் அறையைத் தவிர. கனடாவிலிருக்கும் அவர் வரும்வரை அது பூட்டியே கிடக்கும்.

மாலையில் தன் வீட்டில் மாதிரித் தேர்வு. பொன்னியின் மகள் வைஷ்ணவி போனில் அலாரம் வைத்தாள். அது அடித்தபோது பொன்னி கடைசிப் பகுதியைத் தொடவே இல்லை. அதிக மதிப்பெண் உள்ள பகுதி அதுதான்.

வைஷ்ணவி டெல்லியில் பிறந்து இந்தியில் படித்தவள். வினாத்தாளை வாங்கித் தமிழை எழுத்துக் கூட்டினாள். “ஏ... தே... னும்... நான்... கு. அம்மா! ஏதேனும் நாலு எழுதினா போதும். நீ ஏன் ஆறும் எழுதினே?”

“ஆறு கேட்டிருக்காங்க. ரெண்டை அப்படியே விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?”

“இது என்ன பாத்திரமா, எல்லாத்தையும் தேய்ச்சுக் கவுக்க?”

பொன்னிக்குச் சுருக்கென்றது. ஒரு மூலை விட்டுப்போனாலும் திரும்பக் கூப்பிட்டுப் பெருக்கச் சொல்லும் வீடுகளில் பழகிய கை அது. “தெரிஞ்சதை விட மனசு வரலையேடி.”

“கௌதமன் அண்ணா ரூமைப் பெருக்கறியா?”

“அதெப்படி? பூட்டியிருக்கே.”

“அச்சா. நாளைக்கு நீயே ரெண்டு ரூமைப் பூட்டிடு.”

பொன்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரிங்க டீச்சரம்மா. இன்னொரு தாளைக் குடு, ஜல்தி!”

காலையில் வினாத்தாள் கைக்கு வந்ததும், கேள்விகளுக்கு முன்னால் குறிப்புகளை விரல் வைத்துப் படித்தாள். ஆறில் நான்கு. ஆறுமே தெரிந்தவை. ஐந்தாவது, அவள் வாய் ஓயாமல் சொல்லிவந்த கணையம். கை துறுதுறுத்தது. ஆனால் அதை எழுத ஒரு பக்கமாவது பிடிக்கும். பென்சிலை எடுத்து அதன் பக்கத்திலும் ஆறாவதன் பக்கத்திலும் சின்னதாக ஒரு பூட்டு வரைந்தாள். மற்ற நான்கையும் எழுதிவிட்டுத் தாளைப் புரட்டிக் கடைசிப் பகுதிக்குப் போனாள். மணி அடித்தபோது அதன் கடைசிக் கேள்விக்குக் கல்லீரல் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.