மேலே போனவர்

என் சிநேகிதியின் கதை அச்சில் வந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. பொறாமை இல்லை, வெறும் ஆதங்கம் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொறாமைதான்.

அவளும் நானும் கதை எழுதுகிறவர்கள். அவள் தஞ்சாவூர்ப் பக்கம். கணவருக்கு வேலை மாற்றலாகிக் கொடைக்கானலுக்குக் குடிவந்தவள். நான் இந்த மலையிலேயே பிறந்து, பண்ணைக்காட்டில் வாழ்க்கைப்பட்டு, இப்போது கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் இருப்பவள். இந்த மலையைப் பற்றி எழுத வேண்டியது நான்தான் என்று எனக்கு ஓர் எண்ணம். ஒரு பத்திரிகைக்கு விடாமல் கதை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பனிமூட்டம், சோலைக்காடு, குறிஞ்சிப்பூ என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றையும் அவர்கள் போடவில்லை.

நடந்தது இதுதான். பண்ணைக்காட்டில் இருக்கும் என் மாமனாரிடம் அவள் மிளகு வாங்குவது வழக்கம். ஒருநாள் அதற்காகப் போன் போட்டிருக்கிறாள். மாமனார் போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். எடுத்தது பக்கத்து வீட்டு அக்கா.

"அவரு வெள்ளனே மேல போயிட்டாருங்களே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எங்களுக்குக் கொடைக்கானல் என்றால் மேலே. வத்தலக்குண்டு என்றால் கீழே. மலையில் கிழக்கு மேற்கு பார்த்து யாரும் பேசுவதில்லை. மாமனார் காலை பஸ்ஸைப் பிடித்து மேலே வந்து, எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் தஞ்சாவூர்த் தட்டைப் பூமியில் வயதான மனிதர் ஒருவர் காலையிலேயே மேலே போய்விட்டார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

எங்களோடு சேர்ந்து பண்ணைக்காட்டுக்குக் கிளம்பலாமென்று, ரோஜா மாலையும் அழுத கண்ணுமாக அவள் எங்கள் வீட்டு வாசலில் டாக்ஸியில் வந்து இறங்கினாள். கதவைத் திறந்தவர் மாமனார்.

"வாங்க தாயி. மாலை யாருக்கு?"

அவள் போட்ட அலறலில் நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். விஷயம் புரிந்ததும் மாமனார் மாலையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். "வெரசா ஒரு போட்டோ எடும்மா, பின்னால ஒதவும்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. சிரித்து முடித்து நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவள் வீட்டுக்குப் போய் எழுதியிருக்கிறாள்.

என்னைத் திருப்பியனுப்பும் அதே பத்திரிகைதான் போட்டது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று முணுமுணுத்துக்கொண்டு, குற்றம் கண்டுபிடிக்கவே படிக்க உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. பாவி, நன்றாக எழுதியிருந்தாள். ஏற்றமும் இறக்கமுமாகவே உலகத்தைப் பார்க்கிற சனங்களுக்குச் சாவு எந்தத் திசையில் இருக்கும் என்று டாக்ஸியில் வரும்போது யோசித்தாளாம். 'மேலே' என்ற அந்தச் சொல்லை நான் பேசக் கற்றதிலிருந்து சொல்லி வருகிறேன். ஒரு தடவைகூட அது என் காதில் உறுத்தியதில்லை. தப்பாகப் புரிந்துகொண்டவளுக்குக் கதை கிடைத்தது, சரியாகப் புரிந்துகொண்ட எனக்கு ஒன்றும் இல்லை. இதை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?

என் கதை எதையும் இரண்டு பக்கத்துக்கு மேல் படித்தறியாத என் கணவர், நேற்று அந்தப் பத்திரிகையைக் கடைசிவரை படித்துவிட்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இதுல ஒரு தடவையாச்சும் வந்துரணும்னு தவங்கெடந்தேல்ல? இந்தா பாரு, வந்துட்ட" என்று ஒரு வரியில் விரலை வைத்தார்.

'உள்ளேயிருந்து, பூண்டு உரித்த கையோடு ஒரு பெண் ஓடிவந்தாள்.'

அவ்வளவுதான் நான். ஒரு பெயர்கூட வைக்கவில்லை.