அம்மா வீட்டு ரோபோவின் சத்தம்

போன வருடக் கடைசியில், கேமரன் மலையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. வீட்டைப் பெருக்க ஒரு ரோபோ வாங்கிய கதைதான். இதில் மறக்க முடியாதபடி அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். வாங்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அம்மா இருப்பது மலைமேல், தேயிலைத் தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து 'நூறு' சொல்லலாம், அவ்வளவு தூரம்தான். அம்மாவோடு என் தம்பி இருக்கிறான் என்று பெயர். அவன் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறான். சரக்கு ஏற்றிக்கொண்டு மலையிறங்கினால் மறுநாள்தான் வீட்டுக்கு வருவான். நான் ஈப்போவில், ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

வாழ்நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்த அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து, அறுவை சிகிச்சையும் ஆயிற்று. குனியவே கூடாது என்றார் டாக்டர். போதாததற்கு அம்மாவுக்கு இளைப்பு வேறு. மழை நின்று ரெண்டு நாள் வெயில் அடித்தால் போதும், லோரிகள் கிளப்பும் செம்மண் தூசி வீட்டுக்குள் வந்து படிந்துவிடும். அதைக் கூட்டினால் மூச்சு இழுக்கும், கூட்டாமல் விட்டாலும் இழுக்கும். ஒருமுறை நான் போயிருந்தபோது, அம்மா முக்காலியில் உட்கார்ந்தபடியே அதை நகர்த்தி நகர்த்தி விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கே ரோபோ வாங்குவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் ஒரு பொருள் வாங்குவதென்றால் வீட்டில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அத்தனை நுணுக்கம் பார்ப்பேன். சாதாரண ரோபோ வேண்டாம், தானே தன் குப்பையைக் கொட்டிக்கொள்கிற ரகம்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். ஏனென்றால் அதன் வயிற்றிலிருக்கும் சின்ன டப்பாவைத் தினமும் குனிந்து எடுத்து உதறுவது அம்மாவால் முடியாது, உதறினால் அந்தத் தூசி நேரே அம்மாவின் மூக்குக்குத்தான் போகும். இந்த ரகத்தில், பெருக்கி முடித்ததும் ரோபோ சுவரோரம் இருக்கும் தன் பெட்டிக்குத் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். பெட்டி உள்ளே இருக்கும் பைக்குள் குப்பையை உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பையை எப்போதாவது ஒருமுறை தம்பி மாற்றினால் போதும்.

வாரக்கணக்கில் கைப்பேசியும் கையுமாக இருந்தேன். இது எத்தனை நேரம் ஓடும், அது முடியைச் சுற்றிக்கொள்ளுமா, மேசைக்கடியில் நுழையுமா என்று பார்த்தவர் பார்க்காதவர் எழுதியதையெல்லாம் படித்தேன். தம்பிக்குச் சிரிப்பு. "அக்கா, எனக்குப் பொண்ணு பாக்கும்போது இவ்வளவு விசாரிப்பியா?" என்று கேட்டான்.

கடைசியில் இரண்டு ரோபோக்கள் மிஞ்சின. ஒன்று பரம சாது. குப்பையை உறிஞ்சும்போது பூனை மூச்சு விடுகிற அளவுக்குத்தான் சத்தம். ஆனால் அதனால் உயரமான வாசற்படி ஏற முடியாது. அம்மா வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் பழைய காலத்து மரப்படி ஒன்று இருக்கிறது, தம்பி அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இன்னொன்று அந்தப் படியைச் சிரமமில்லாமல் ஏறும். ஆனால் குப்பையை உறிஞ்சும்போது போடும் சத்தத்தைப் பற்றி வாங்கியவர்கள் எல்லோரும் அழுதிருந்தார்கள். அடுப்படியைக் கூட்டாத ரோபோ எதற்கு என்று படி ஏறுவதையே வாங்கினேன்.

முதல் நாள் அது வேலை முடித்துப் பெட்டியில் போய் ஒட்டிக்கொண்டு உறுமியதே, அதை எப்படிச் சொல்வது. மழையில் தகரக் கூரை போடும் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அத்தை குக்கர் வெடித்துவிட்டதோ என்று கரண்டியோடு ஓடிவந்தார். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை, பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். அம்மாவை அவர் அண்ணி என்பார். கியா பார்மில் சாலையோரம் காய்கறிக் கடை போட்டிருக்கிறார். தினமும் காலை சாப்பாட்டு வேலை முடித்து, வேனில் ஏறிப் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பலகைச் சுவரை ஒட்டி இப்படி ஒரு பூதத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டோமே, அடுத்த வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று. அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை, பழகிவிடும் என்றார். முகத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈப்போவுக்குத் திரும்பியும் அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் தேட ஆரம்பித்தேன். தேடினால் கிடைக்காமல் போகுமா? படியும் ஏறும், சத்தமும் போடாது என்று புதிதாக ஒன்று வந்திருந்தது. அதற்குச் சொல்லிவைத்தேன். வந்ததும் மலைக்குக் கொண்டுபோய் மாற்றிவிட்டு, இந்தப் பூதத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது திட்டம். அதுவரைக்கும் பழையதே ஓடட்டும் என்று, காலையில் அம்மா பசியாறி முடிக்கும் நேரத்துக்குத் தானே கிளம்பும்படி என் கைப்பேசியிலிருந்தே அமைத்து வைத்திருந்தேன். தினமும் அது வேலையை முடித்தால் எனக்குத் தகவல் வந்துவிடும். பார்த்து ஒரு திருப்தி. அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவதுகூடக் கொஞ்சம் குறைந்துதான் போயிருந்தது.

அந்தக் காலையும் நல்ல மழை. கிளினிக்கில் கூட்டம். வீங்கிய கன்னத்தோடு நிற்கும் ஒருவருக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். கைப்பேசி மினுங்கியது. ரோபோ கவிழ்ந்து கிடக்கிறது, நிமிர்த்தி வையுங்கள் என்று தகவல். கால்மிதியில் சிக்கி அது அடிக்கடி திணறுவது வழக்கம், அம்மா கைத்தடியால் ஒரு தள்ளு தள்ளிவிடுவார். இதுவும் அதுதான் என்று விரலால் ஒதுக்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அந்த நேரத்தில் அம்மா அடுப்படித் தரையில் கிடந்தார்.

பின்கதவு வழியாகச் சாரல் அடித்துத் தரை ஈரமாக இருந்திருக்கிறது. தேநீர் வைக்கப் போனவர் வழுக்கிவிட்டார். இடுப்பில் அடி. எழ முடியவில்லை. கூடத்தில் ரோபோ ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய கைப்பேசியும் கூடத்தில்தான். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். தகரத்தில் மழை இரைகிறது, பயத்தில் இளைப்பு ஏறிக்கொண்டது, குரலே எழும்பவில்லை. அந்த மலைக் குளிரில், ஈரச் சேலையோடு.

இதையெல்லாம் அன்று மாலை தானா ராத்தா மருத்துவமனையில்தான் தெரிந்துகொண்டேன். தம்பி கூப்பிட்டதும் அடித்துப் பிடித்து மலையேறி ஓடினேன். இடுப்பெலும்பில் சின்ன விரிசல், படுத்தே இருந்தால் சேர்ந்துவிடும் என்றார்கள். அதைவிட அவர்களைக் கவலைப்பட வைத்தது இளைப்பும் குளிரும்தான். நல்ல வேளை சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், பொழுது சாயும்வரை கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

கொண்டுவந்தவர் அத்தைதான். கடைக்குப் போகாமல், போட்டிருந்த ஈரச் சட்டையோடு கட்டிலோரமே உட்கார்ந்திருந்தார். எப்படித் தெரிந்தது அத்தை, அம்மா கூப்பிட்டது கேட்டதா என்றேன்.

"எங்க கேக்குது, அந்த மழையில? வேன்காரன் ஹார்ன் அடிச்சிட்டு நிக்கிறான். நான் சட்டையப் போட்டுக்கிட்டு சொவத்தோரம் நிக்கிறேன். உங்க மிஷினு ஓடுற சத்தம் கேட்டுச்சு, பாதியில நின்னுருச்சு. கடைசியில ஒரு கத்து கத்துமே, அது வரல. கொஞ்ச நேரம் பாத்தேன். மனசு கேக்கலலா, வேன அனுப்பிட்டு வந்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அந்தச் சத்தத்துக்காகவா காத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஏதோ செய்யக்கூடாததைச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி சட்டை நுனியைச் சரி பண்ணிக்கொண்டார். அம்மா விளக்குமாற்றால் கூட்டிய காலத்தில், கூட்டி முடித்ததும் அதன் அடிக்கட்டையைப் படியில் தட்டி நேர் பண்ணுவாராம். அந்தத் தட்டு காதில் விழுந்தால், அண்ணி எழுந்து நடமாடுகிறார், இன்றைக்கு ஒன்றும் குறையில்லை என்று இவர் கிளம்பிவிடுவாராம். அம்மா தனியாக இருக்கும் நாட்களில் எல்லாம் இப்படித்தான். ரோபோ வந்தபிறகு தட்டு நின்றுபோனது, அதற்குப் பதிலாக உறுமல். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் இதைப் பற்றி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம்.

பேசவில்லையே தவிர அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை கண்ணை மூடிக் கிடந்தவர், மூக்கில் குழாயோடு மெதுவாகச் சொன்னார்.

"மிஷினு படியேறி எங்கிட்ட வந்துச்சும்மா. எட்டிப் புடிச்சு கவுத்துப் போட்டுட்டேன். அது திரும்பிப் போயி கத்திருச்சுன்னா, அவ எல்லாம் சரியா இருக்குன்னு வேன் ஏறிப் போயிருவால்ல."

கவிழ்ந்து கிடக்கிறது என்று எனக்கு வந்த தகவல், சிக்கிக்கொண்டதைப் பற்றியது இல்லை. அது அம்மா எழுப்பிய கூக்குரல். ஈப்போவில் என் கைக்கு வந்து சேர்ந்ததை நான் ஒதுக்கித் தள்ளினேன். பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவர் அந்த உறுமல் கேட்காததை வைத்துப் புரிந்துகொண்டார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை என் முதுகைத் தடவிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்த வாரத்தில், சொல்லிவைத்திருந்த சத்தமில்லாத புது ரோபோ வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கக்கூட மனம் வரவில்லை. திருப்பி அனுப்புகிறேன் என்றதும் தம்பிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

ஆனாலும் ஒரு யோசனை என்னைத் தூங்கவிடவில்லை. அன்று அம்மா விழுந்தது ரோபோ வந்து போகிற வழியில். கைக்கு எட்டாத இடத்தில், குளியலறையில் விழுந்திருந்தால்? நான் ஈப்போவிலிருந்து அமைத்து வைத்த நேரத்துக்கு அது பாட்டுக்குக் கிளம்பி, பெருக்கி, பெட்டிக்குப் போய் உறுமியிருக்கும். எனக்கும் வேலை முடிந்தது என்று தகவல் வந்திருக்கும். அத்தையும் நிம்மதியாக வேன் ஏறியிருப்பார். தானே எல்லாம் செய்கிற மிஷின் என்று தேடித் தேடி வாங்கினேனே, அதில் அந்தத் 'தானே' என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அப்ப நானே அமுக்குறேன். கைத்தடி இருக்குல்ல" என்றார்.

கைப்பேசியில் இருந்த நேர அமைப்பை அன்றே எடுத்துவிட்டேன். இப்போது அம்மா எழுந்து, முகம் கழுவி, சாமி படத்துக்கு விளக்கேற்றி, பசியாறிவிட்டு, கைத்தடியின் நுனியால் ரோபோவின் தலையில் ஒரு அழுத்து அழுத்துவார். அவர் அழுத்தினால்தான் அது ஓடும். சுற்றி முடித்து அது உறுமினால் அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று அர்த்தம். சில நாட்களில் அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "கேட்டுச்சு அண்ணி, நான் கெளம்புறேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போகிறாராம். இத்தனை காலம் பேசாமல் வைத்திருந்ததை இப்போதுதான் வாய்விட்டுப் பேசுகிறார்கள். நானும் தினமும் காலையில் கிளினிக் கதவைத் திறப்பதற்கு முன்னால் அம்மாவைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசிவிடுகிறேன்.

தெரிந்தவர்கள் யாராவது ரோபோ வாங்க என்னிடம் யோசனை கேட்டால், சத்தம் குறைவானதைத்தான் முதலில் கேட்கிறார்கள். படி ஏறுமா, குப்பையைத் தானே கொட்டுமா என்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்று நான் வெட்கப்பட்ட அந்தச் சத்தத்தைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒருவரால் கிளம்ப முடியாது என்பதை நினைக்கும்போதெல்லாம், என் அம்மா தனியாக இல்லை என்று மனம் நிறைந்துபோகிறது.