அண்ணன் வரப்பில் கத்தரி மார்

தொண்ணூறுகளின் கடைசியில் சோழவந்தானுக்கு மேற்கே ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு வைத்திருந்தேன். கத்தரிதான் போடுவேன். இரண்டு வெள்ளாமை வரிசையாகப் புழு விழுந்து சொத்தையாகப் போனது. நிலத்துக்காரருக்குச் சிம்மக்கல்லில் கடை. "அடுத்த வாட்டியும் இப்படின்னா நெலத்த விட்ருப்பா" என்றார். எனக்கு வேறு நிலம் கிடையாது.

காய் இல்லாத நாளில் அந்தப் புழு எங்கே போய்க் கிடக்கிறது? கோடையில் தேடினேன்.

பக்கத்து வயல் என் அண்ணனுடையது. அவரும் கத்தரிதான். காய்ப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கிப் பொது வரப்பில் அடுக்கியிருந்தார். காய்ந்த செடிக்கட்டையை மார் என்போம், அடுப்புக்கு ஆகும். ஊரில் எல்லோரும் அடுக்குவதுதான். ஒரு மாரை உருவினேன். சுருண்ட சருகுக்குள் சாம்பல் நிறத்தில் கூடு. அடுத்ததிலும் இருந்தது. பிய்த்தால் உள்ளே உயிர் நெளிந்தது.

அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, மாரு அம்புட்டும் புழுக்கூடு. நான் நாத்து நடுறதுக்குள்ள கொளுத்திருவோம்."

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அந்த மார் பந்திச் சமையலுக்கு.

"கல்யாண வெறகக் கொளுத்தச் சொல்றியே, நாக்கு கூசலையாடா?"

"வேற வெறகு நான் வெட்டித் தாரேன்ணே."

மதினி உள்ளேயிருந்து வந்தார். "புள்ளைக்கு நல்லது நடக்கப் போகுது. கொழுந்தனாரு தீப்பெட்டியோட வந்து நிக்கிறதப் பாருங்க."

பூச்சி வெளியேறாமல் இருக்கச் சாக்குகளைத் தைத்து மாரை மூடினேன். விறகு நமுத்துப் போகும் என்று அண்ணன் அதையும் உருவி எறிந்தார்.

நாற்று நட்டேன். பொழுது சாய்ந்தால் வெள்ளைப் பூச்சிகள் மாரிலிருந்து என் வயலுக்குள் இறங்கும். முதலில் குருத்து வாடித் தொங்கியது. கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். மருந்து அடித்தேன். காய்க்குள் புகுந்த புழுவை மருந்து என்ன செய்யும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அடுப்படிக்கு மார் சுமந்தது நான்தான். கூடெல்லாம் காலி. பந்தியில் கத்தரிக்காய்ச் சாம்பார் ஊற்றினார்கள். சந்தையில் வாங்கிய காய். என் வயலில் பந்திக்குத் தேறும்படி ஒன்றுமில்லை.

நிலத்தை விட்டேன். நிலத்துக்காரர் அதை அண்ணனுக்கே குத்தகைக்குக் கொடுத்தார். அண்ணன் மல்லிகை போட்டார். ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"களை மண்டிக் கெடக்கு. கூலிக்கு வாரியா?"

"வாரேன்ணே."