படிவத்தின் ஏழாவது கட்டம்

பாறை ஏறக் கூட்டிப்போகும் தொழிலில் பாறை ஒரு நாளும் பொய் சொன்னதில்லை; பொய் சொல்வது ஏற வருகிறவர்களும் அவர்களுக்குப் படிவம் நிரப்பும் நாங்களும்தான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து யாருக்காவது எதையாவது எழுதிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும்.

எங்கள் ஆபீஸ் லேக் கார்டன்ஸில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கொல்கத்தா பார்க்க வருகிறவர்களில் பாறை ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் குளிர்கால வாரக்கடைசிகளில் புருலியா பக்கத்துக் குன்றுகளுக்கு அழைத்துப் போகிறோம். சனிக்கிழமை காலை ரயிலில் போய், ஞாயிறு காலை பாறை ஏறி, அன்றே திரும்பிவிடுவது. சொல்லிக்கொடுத்து ஏற்றிவிடுகிறவர் மௌசுமிதி. 'தி' என்றால் இங்கே அக்கா. முப்பது வயது இருக்கும். படிவம் நிரப்புவது, ஹெல்மெட்டுகளைத் துடைப்பது, ரயிலில் எல்லோருக்கும் பொரி வாங்குவது, பாறையடியில் நின்று கயிறு பிடிப்பது எல்லாம் என் வேலை.

கயிற்றில் தொங்கியவர்

இதை நான் பார்க்கவில்லை. நான் சேருவதற்கு முன்பு நடந்தது. மௌசுமிதி சொல்லி ஒரு தடவையும் முதலாளி சொல்லி ஒரு தடவையும் கேட்டேன். மௌசுமிதி சொன்னதில் உயரம் இருபதடி, முதலாளி சொன்னதில் நாற்பது. மற்றதை இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

அலுவலக வேலையாக டெல்லியிலிருந்து வந்த ஒருவர் பாதிப் பாறை ஏறியதும் கீழிருந்து கேட்டதற்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். கைகள் பாறையை விட்டுவிட்டன. கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி கயிற்றில் தொங்கினார். மௌசுமிதி மெதுவாக இறக்கிப் படுக்க வைத்திருக்கிறார். வந்தவர் சர்க்கரை நோய்க்காரர். ஊசி போட்டுக்கொண்டு, படபடப்பில் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வந்தவர். அவர் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் படிவத்தில் ஏழாவது கட்டம் வந்தது: 'நோய் ஏதும் உண்டா? மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?' கன்னத்துக்குள் வெல்லத்தைக் குழைத்துத் தடவிக் காத்திருந்தபோது அவர் கண் திறந்து முதலில் கேட்டது இது: "நான் மேலே போய்ட்டேன்ல?"

அறுபத்தெட்டு கிலோ

இது நான் பார்த்தது. சொல்லப்போனால் எனக்கே நடந்தது. ஏறுகிறவர் இடுப்பில் கட்டிய கயிறு பாறையின் உச்சியில் ஒரு வளையத்தில் நுழைந்து கீழே நிற்கும் என் இடுப்புக்கு வருகிறது. அவர் கைவிட்டால் அவருடைய எடையை நான் தாங்க வேண்டும். அதனால்தான் படிவத்தில் எடையைக் கேட்கிறோம். பாலிகஞ்சிலிருந்து மனைவியோடு வந்த ஒருவர் அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தார். பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதரிடம் எப்படிக் கேட்பது?

உச்சிக்குப் போனவர் இறங்குவதற்காகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் கீழே வர, நான் மேலே போனேன். என் கால் தரையை விட்டு ஐந்தடி போயிருக்கும். மௌசுமிதி ஓடிவந்து என் இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தொங்கினார். யாருக்கும் அடிபடவில்லை. மறு வாரமே ஆபீஸ் வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் வந்தது. அதிலிருந்து கயிறு பிடிக்கும்போது என்னையும் ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அன்று கிளம்பும் முன் அந்த மனிதரின் மனைவி என்னிடம் வந்து வருத்தத்தோடு சொன்னார்: "அது எங்க கல்யாணத்தப்போ இருந்த வெயிட்."

நான் ஏறியது

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்வரை நான் பாறையில் கால் வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சீக்கிரம் முடிந்தது. மௌசுமிதி கயிற்றை என் பக்கம் போட்டுவிட்டு, "ஏறாதவ கையில கயிறு இருந்தா எனக்கு முதுகு கூசுது" என்றார்.

பத்தடி ஏறியதும் நின்றுவிட்டேன். கன்னம், நெஞ்சு, முழங்கால் எல்லாம் பாறையில் ஒட்டியிருந்தன. அப்படி ஒட்டினால் கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது, எடை காலில் இறங்காமல் கையில் ஏறி, கை சீக்கிரம் சோர்ந்துவிடும். இதை நானே நிறைய பேருக்கு வாயால் சொல்லியிருக்கிறேன். பட்டப்படிப்பு வரை பயந்து பயந்து படித்துப் பாஸானவள் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டம். தப்பு செய்யாமல் இருக்க வேண்டுமென்றால் அசையாமல் இருந்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. அசையாமல் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது. கீழிருந்து குரல் வந்தது: "பாறையைக் கட்டிப் பிடிச்சிக்காதே கலா, அது உனக்கு இன்னும் சம்மதம் சொல்லல."

ஞாயிறு வரிசை

ஏழாவது கட்டத்தை நான் எப்படி நிரப்பினேன் என்று சொல்வதற்கு முன் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா கார்டன் ரீச் பகுதியில் ஒரு ஆபீஸில் கடைநிலை ஊழியர். நாங்கள் இருந்த குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பதினைந்து. நான் பத்தாவது படிக்கும்போதிலிருந்து அவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவள் நான்தான். வங்கி, காஸ் இணைப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும்.

அதில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. 'ஆம்' என்று எழுதினால் இன்னொரு சான்றிதழ் கேட்பார்கள். இன்னொரு நாள் லீவு போட்டு இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் அதோடு முடிந்தது. சந்தேகமான கட்டம் வந்தால் நான் கேட்காமலே 'இல்லை' போட்டுவிடுவேன். பெரியவர்களிடம் நோய் நொடியைப் பற்றி நானாக விசாரிப்பது மரியாதையாகவும் எனக்குப் படவில்லை. ஒருமுறை ஒரு கட்டத்தைக் காட்டிக் கேட்டபோது பக்கத்து வீட்டு மாமா அலுத்துக்கொண்டார்: "கேள்வியெல்லாம் எதுக்குப் பாப்பா, நீயே பார்த்து எழுதிடு."

பி.டி. வாத்தியார்

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை சுந்தரமூர்த்தி சார் ஆபீஸுக்கு வந்தார். திண்டுக்கல்லில் பி.டி. வாத்தியார், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். மகள் நித்யாவுக்குக் கொல்கத்தாவில் வேலை. அவளைப் பார்க்கப் பத்து நாள் வந்திருந்தார். விக்டோரியா, காளிகாட் எல்லாம் ஆகிவிட்டது. நெஞ்சு நிமிர்ந்த மனிதர். "முப்பது வருஷம் பிள்ளைகளைக் கயிறு ஏறச் சொல்லி விசில் ஊதியிருக்கேன். நான் ஏறி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினா பயலுகளுக்கு நம்பிக்கை வரும்" என்றார். எடை இயந்திரத்தில் அவராகவே ஏறி நின்றார். தமிழர்கள் வந்தால் மௌசுமிதி என்னிடம் விட்டுவிடுவார். நானும் பேசிக்கொண்டே நிரப்பிக்கொண்டு வந்தேன். ஏழாவது கட்டத்திலும் கேட்காமலே 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

நித்யா போன் பேச வெளியே போனாள். அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு, அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், வைத்தால் அடங்கிவிடுகிறது, பெரிய டெஸ்ட் எடுக்கச் சொன்னதைத் தள்ளிப்போட்டு வருகிறார். "நித்யாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா வேலையை விட்டுட்டு ஊர்ல வந்து உக்காந்துக்கும். மாத்திரை சட்டைப் பையிலதான் இருக்கும், ஏதாவதுன்னா எடுத்துக் குடு." நான் பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது சொன்னார்: "நம்ம பொண்ணுங்கிறதாலதாம்மா சொன்னேன்."

முடிச்சு போட்ட பிறகு

வியாழனிலிருந்து ஞாயிறு வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரியில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அவருடைய பொய்யைச் சொன்னால் என் பொய்யையும் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே 'இல்லை' என்று எழுதியவள் நான். ரயில் முழுக்க மௌசுமிதியின் பக்கத்தில் உட்கார்ந்து எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். பொரி வாங்கிக் கொடுத்ததோடு சரி.

ஞாயிறு காலை பாறைக்கு நடக்கும் ஏற்றத்தில் சுந்தரமூர்த்தி சார் மூன்று முறை நின்றார். ஒவ்வொரு முறையும் நித்யாவிடம் ஏதாவது ஒரு பலாச மரத்தைக் காட்டிப் போட்டோ எடுக்கச் சொன்னார். பாறையடியில் அவருக்குப் பட்டை கட்டி முடிச்சு போட்டோம். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு: ஏறுகிறவரும் கயிறு பிடிக்கிறவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் தொட்டுப் பார்த்து, சரி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் என் முடிச்சைத் தொட்டு, "சரி" என்றார். நான் அவருடையதைத் தொட்டேன். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. நித்யா தூரத்தில் ஒரு பாறைமேல் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்களே சொல்லிடுங்க" என்றேன்.

"இருபதடிம்மா. அவ்வளவுதான்."

"என்னால முடியாது சார்."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இரு."

எங்கள் தமிழ் மௌசுமிதிக்குப் புரியவில்லை. "என்ன, சாருக்குப் பயமா? சரின்னு சொல்லு, ஏறட்டும்" என்றார். அங்கே எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'சரி' என்று சொன்னால் போதும், அவர் ஏறத் தொடங்கிவிடுவார். நான் முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு வங்காள மொழியில் சொன்னேன்: "ஏழாவது கட்டம் தப்பு, தி. இவருக்கு நெஞ்சுவலி இருக்கு. இல்லைன்னு எழுதினது நான்."

மௌசுமிதி என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அவரிடம் போய், சிரித்த முகத்தோடு முடிச்சை அவிழ்த்தார். அவர் தடுக்கவில்லை. நித்யா இறங்கி ஓடிவந்தாள். "என்னப்பா, ஏன் அவுக்கிறாங்க?" அவர் கயிற்றைக் காட்டி, "பழசாம், சரியில்லையாம்" என்றார். என்ன சொல்கிறார் என்று மௌசுமிதி கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் முகம் மாறியது. "என் கயிறா? இந்த சீசனுக்குத்தான் வாங்கினது. அந்தப் பொண்ணுகிட்ட அதையும் சொல்லு."

நான் நித்யாவைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, வகுப்பில் தப்பாக விசில் ஊதிவிட்ட மாதிரி ஒரு முகம். நான் வாய் திறப்பதற்குள் அவரே சட்டைப் பைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து மகள் கையில் வைத்தார். பத்து மாத்திரை அட்டையில் நான்குதான் மீதி. அவள் பெயரைப் படித்தாள். காலியான குழிகளை விரலால் தடவினாள். அதிராத குரலில் கேட்டாள்: "எத்தனை நாளாப்பா?"

திங்கட்கிழமை

திரும்பும் ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நித்யா அவர் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஹவுராவில் இறங்கியதும் அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவள் மட்டும் தலையசைத்தாள். பெரிய டெஸ்ட் எடுத்தார்களா, அவள் வேலையில் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. போன் எண் படிவத்தில் இருக்கிறது. எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை முதலாளி நடந்ததை எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். எதையும் குறைத்து எழுதவில்லை. என் வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. அப்பாவிடம் அன்றே சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அந்த வாத்தியார் நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். மௌசுமிதி இரண்டு நாள் கயிறுகளைத் தானே சுருட்டினார். மூன்றாம் நாள் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு முனையை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை ஆபீஸ்லயே சொல்லு கலா. கட்டின முடிச்சை அவுக்கும்போது அவங்க முகத்தைப் பார்க்கிறது என் வேலை இல்ல."

அன்று மாலை எல்லோரும் போன பிறகு அலமாரியைத் திறந்து, அந்தக் குளிர்காலத்தில் என்னிடம் வந்த தமிழர்களின் படிவங்கள் அத்தனையையும் எடுத்து ஏழாவது கட்டத்தைச் சரிபார்த்தேன்: கொல்கத்தாவுக்கு வந்து பாறை ஏறிய நம்மவர்களில் ஒருவருக்குக்கூட எந்த நோயும் இல்லை, எல்லாம் என் கையெழுத்தில்.