பூஜையில் வைத்த ஃப்ளாப்பி

தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. "சார், நம்ம விமலா டீச்சர் தவறிட்டாங்க" என்றார் பள்ளி எழுத்தர். விடியற்காலையில் மாரடைப்பாம். ஏற வேண்டிய ரயில் கிளம்பிப் போனது. ஆனாலும் இந்த அஞ்சலியை அழுது வடிந்து எழுதினால் டீச்சருக்கே பிடிக்காது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், எங்களுக்குள் முதலில் ஆகவே ஆகாது. அவர் கம்ப்யூட்டர் டீச்சர், நான் கணக்கு வாத்தியார். "கூட்டல் கழித்தலுக்கே ததிங்கிணத்தோம் போடுது, இதுங்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா?" என்று அவர் காதுபடவே சொன்னவன் நான். "மெஷின் அப்புறம் சார். ஒரு வேலையைப் படிப்படியா யோசிக்கத் தெரியணும், அதைத்தான் சொல்லித் தரேன்" என்பார், டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளியபடி.

பல வருடங்களுக்கு முன் தமிழ்வழி மாணவிகள் ஆறு பேரைக் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் நடக்கும் போட்டிக்குத் தயார் செய்தார். மதிப்பெண்களை வரிசைப்படுத்தும் ப்ரோகிராம். அது ஒழுங்காக ஓடாவிட்டால் தமிழ்வழி வகுப்புக்கு இனிக் கம்ப்யூட்டர் பாடவேளையே கிடையாது என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். நல்ல நாளாயிற்றே என்று கல்லூரிக்காரர்கள் போட்டியை விஜயதசமியன்று வைத்திருந்தார்கள். முதல் நாள் சரஸ்வதி பூஜை வரைக்கும் ப்ரோகிராம் தப்பான விடையே தந்துகொண்டிருந்தது.

பூஜைப் பொறுப்பு என்னுடையது. கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததோடு நிற்காமல், ப்ரோகிராம் இருந்த ஒரே ஃப்ளாப்பியையும் பேனா, நோட்டு, சாக்பீஸ் டப்பாவோடு சேர்த்து பூஜையில் வைத்துவிட்டேன். மறுநாள் காலை பூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. விமலா டீச்சர் மட்டும் சிரித்தார். "மூளையையும் உள்ள வெச்சுட்டீங்களா சார், இல்ல அது வெளியிலதான் இருக்கா?"

மைதானத்துக்குப் போனோம். ஐந்து பேரை வரிசையாக நிறுத்தினார். "இவங்க உயரந்தான் மார்க். நீங்க கம்ப்யூட்டர். மிச்சம் இருக்கற இவ சொல்றதை மட்டும் செய்யணும், சொந்த புத்தி கூடாது" என்றார் என்னிடம். ஆறாவது பெண் ப்ரோகிராமை மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களை ஒப்பிட்டு, குட்டையானவளை முன்னால் அனுப்பினேன். வெயிலில் சட்டை நனைந்துவிட்டது. "முடிஞ்சுது" என்றாள் அவள். வரிசைக் கடைசியில், எல்லோரையும்விடக் குள்ளமான செல்வி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், சார் என்னாண்ட வரவே இல்ல!"

ப்ரோகிராமில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையில் ஒன்று குறைத்து எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான் தவறு.

மறுநாள் பூஜை முடிந்ததும் ஐந்தே நிமிடத்தில் திருத்தினார்கள். பரிசு கிடைக்கவில்லை, ப்ரோகிராம் சரியாக ஓடியது, பாடவேளை தப்பித்தது. டீச்சர் தாம்பரத்தில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு நான் எந்த வகுப்பை முடித்துவிட்டு வந்தாலும், "கடைசி ஆள் வரைக்கும் போனீங்களா சார்?" என்று கேட்பார். கேலிதான். ஆனால் நான் கடைசி பெஞ்சுவரை நடக்கத் தொடங்கியது அப்போதுதான்.

செய்தி வந்த அன்று அவர் வீட்டில் மாலை போட வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது, பழக்க தோஷம், திரும்பிப் பார்த்தேன். கடைசியில் செல்வி, கழுத்திலிருந்த அலுவலக அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்து நின்றிருந்தாள். வரிசையை விட்டுப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தேன்.

"இந்த வாட்டி என்னாண்ட வந்துட்டீங்க சார்" என்றாள், அழுதுகொண்டே சிரித்து.

விமலா டீச்சரிடமிருந்து எனக்கு வந்தது அந்த நடை ஒன்றுதான். கால் ஓயும்வரை நடப்பேன்.