கந்தப்பளைப் பொன்குழியும் கவ்வாத்துக்காரர்களின் கூப்பாடும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு நாவல். அட்டன் வாசகசாலைக்கு வரும் வாரப் பத்திரிகையில், சென்ற நூற்றாண்டில் நுவரெலியாவில் வெள்ளைக்காரர்கள் பொன் தேடிய கதை தொடராக வந்தது. தேடியது உண்மைதான். ஆஸ்திரேலியாவில் பொன் அகப்பட்ட காலத்தில் இந்த மலை ஓடைகளிலும் மண்ணை அலசிப் பார்த்தார்கள். பொடியாகக் கொஞ்சம் கிடைத்தது. செலவுக்குக் கட்டவில்லை, விட்டுவிட்டார்கள். நாவலில் எங்கள் தோட்டத் தமிழாட்கள் இரண்டே இடத்தில் வருகிறார்கள். ஓரிடத்தில் மூட்டை சுமக்கிறார்கள், இன்னோரிடத்தில் பேய்க்குப் பயந்து ஓடுகிறார்கள். குழியைத் துரையே வெட்டினாராம். துரை மண்வெட்டி பிடித்ததை நான் அறுபத்தெட்டு வயதுவரை கண்டதில்லை.

என் அம்மாவின் பாட்டனார் திருச்சிப் பக்கமிருந்து நடந்து வந்து, கந்தப்பளைக்கு மேலே பொன்குழி வெட்டியவர் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. டிக்கோயாவில் இருக்கும் என் தம்பி முத்தையா அதை நம்பியதில்லை. போன வருஷம் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்த பிறகு, இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பேர் கொடுக்க அவன் தயாராகிவிட்டான்.

“காப்பிக்கு வந்தோம், தேயிலைக்கு இருந்தோம், இப்ப போகச் சொல்றாங்க. பொன்குழியெல்லாம் அம்மா சோறூட்டச் சொன்ன கதைண்ணே.”

“குழியக் காட்டுனா?” என்றேன்.

“காட்டுங்க. பேர் குடுக்கல.”

மாசி மாதம் ஒரு புதன்கிழமை கிளம்பினோம். அட்டனிலிருந்து நானுஓயா ஏறக்குறைய இருபது மைல். காலை ரயிலில் மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஒரு ரூபாய் பத்துச் சதம். வலப்பக்க ஜன்னலுக்கு அடித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பக்கமும் தேயிலைதான். நானுஓயாவில் இறங்கியதும் நுவரெலியாவுக்கு பஸ் நிற்கும். அங்கிருந்து கந்தப்பளைக்கு வேறு பஸ், ஏழு மைல், முப்பத்தைந்து சதம்.

கந்தப்பளைக் கடைவீதியில் தேத்தண்ணி குடித்தபோது முஸ்லிம் கடைக்கார நானாவிடம் வழி கேட்டேன்.

“பொன்குழியா? மேல் மலையில ஒரு பள்ளம் இருக்கு. அங்க அட்டைதான் கெடைக்கும், பொன் கெடைக்காது” என்றார்.

“அட்டை கடிச்சா ரத்தமாவது வரும் நானா. தோட்டத்துல அதுவும் மிச்சமில்ல” என்றான் முத்தையா. நானா சிரித்துவிட்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் தேய்த்துக்கொள்ள சவர்க்காரத் துண்டு ஒன்று கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கடைவீதியிலிருந்து இரண்டு மைல் ஏற்றம். குழி இருந்தது. வாய் பத்தடி அகலம், இரண்டாள் ஆழம், சுற்றிலும் பன்னச் செடி. முத்தையா எட்டிப் பார்த்துவிட்டு, “காப்பிக்குழி” என்றான். காப்பிக்கன்றுக்கு முழங்கால் அளவு குழி போதுமே என்றேன். “அப்ப தண்ணிக்கு வெட்டியிருப்பாங்க” என்றான். ஓடை இருபது அடி தள்ளித்தான் ஓடுகிறது. ஓடைக்கரையில் எவன் கிணறு வெட்டுவான்? ஆனாலும் அவன் பிடிவாதம் என் பிடிவாதத்துக்கு உடன்பிறப்பு. திரும்பலாம் என்று நடக்கத் தொடங்கினான்.

அப்போது கவ்வாத்துக்காரர்கள் வந்தார்கள். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடும் வேலை அது. அன்றைக்கு அந்த மலையில் முதல் வெட்டு. கத்திகளை ஒரு சாமிக்கல்முன் அடுக்கி, தேங்காய் உடைத்து, கவ்வாத்துச்சாமிக்குச் சூடம் காட்டினார்கள். இது எல்லாத் தோட்டத்திலும் உண்டு. பிறகு செய்ததை நான் எங்கும் கண்டதில்லை. எல்லாரும் குழியைச் சுற்றி நின்றார்கள். மூத்தவர் விளிம்பை மூன்றுதரம் காலால் மிதித்தார். “ஆளு ஏறிக்க, ஏறிக்க” என்று எல்லாரும் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்கள். ஓர் ஆள் ஏறி வரும் நேரம் பேசாமல் நின்றார்கள். அதன்பிறகுதான் கத்தியைத் தொட்டார்கள்.

“எதுக்குங்க இது?” என்று முத்தையாவே கேட்டான்.

“தெரியாதுங்க. கூப்பிடாம வெட்டுனா கத்தி கையில பாயும்பாங்க. இந்த ஒரு மலையிலதான் கூப்பிடுறது” என்றார் மூத்தவர்.

“தேயிலை வெட்ட எவன்டா குழிக்குள்ள எறங்குனான்?” என்று தம்பியிடம் கேட்டேன். அவன் மறுபடி குழியை எட்டிப் பார்த்தான்.

அதற்குள் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்துவிட்டார். “யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?”

“இந்தக் குழி வெட்டுனவரோட கொள்ளுப்பேரப்பிள்ளைங்க நாங்க. தோட்டம் எங்களுக்குப் பிந்தி வந்தது. நீங்க யாரக் கேட்டு வந்தீங்க?” என்றேன். அவர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது பாதி வழியில் முத்தையா நின்றான். “உள்ள எறங்குனவங்க ஏறி வந்தாங்களாண்ணே?”

“வந்திருந்தா இன்னும் ஏன்டா கூப்பிடுறாங்க?”

கடைவீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். பிறகு, “இந்தியாவுக்குப் போயி எந்தக் குழியில நான் யாரக் கூப்பிடுறது?” என்றான்.

போக விரும்புகிறவர்களுக்கு: கவ்வாத்து நடக்கும் நாளை நானா கடையில் விசாரித்துப் போங்கள், மற்ற நாளில் அது வெறும் பள்ளம். வழக்கமாகக் காலை ஏழுக்கே வெட்டுத் தொடங்கிவிடும், அன்று பிந்தியது எங்கள் அதிர்ஷ்டம்; அதனால் நுவரெலியாவில் தங்குவது நல்லது. மழைக்காலத்தில் விளிம்பு வழுக்கும். சவர்க்காரம் மறக்காதீர்கள். தோட்ட ஆபீசில் அனுமதி கேட்காதீர்கள், கேட்டால் இல்லையென்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்ததாகும்.

நாவலாசிரியரும் ஒருமுறை போகலாம். வழிச்செலவை நான் தருகிறேன். முத்தையா பேர் கொடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை. அடுத்த கவ்வாத்துக்குக் கூப்பிட நாங்கள் போவோம்.